தண்ணீரா கல்லைத் தேய்க்கிறது?

ஆற்றில் கிடக்கும் ஒரு கூழாங்கல்லைக் காட்டி, இது எப்படி இவ்வளவு வழவழப்பாக ஆயிற்று என்று கேட்டால், யாராக இருந்தாலும் "தண்ணீர் ஓடி ஓடித் தேய்ந்திருக்கிறது" என்பார்கள். பாதிதான் சரி. ஓடியது தண்ணீர், தேய்த்தது பெரும்பாலும் அது சுமந்து வந்த மணலும் சரளையும். தெளிந்த நீர் மட்டும் வருஷக்கணக்கில் மேலே ஓடினாலும் கருங்கல்லின் முகம் லேசில் குறையாது. கூடவே மணல் உருண்டு வந்தால் கதையே வேறு.

ஒரு பொருள் இன்னொன்றைக் கீற வேண்டுமென்றால், கீறுவது கடினமானதாக இருக்க வேண்டும்; குறைந்தது கீறப்படுவதற்கு இணையாகவாவது இருக்க வேண்டும். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் இந்தக் கணக்கை வைத்துத்தான் கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். முகப்பவுடரில் சேரும் டால்க் 1. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் 3. ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, வைரம் 10. சாதாரண எஃகுக் கத்தி ஐந்தரை அளவில் நிற்கும். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். ஆக, நம் ஆறுகளின் அடியில் உருண்டுகொண்டிருப்பது கத்தியைவிடக் கடினமான துகள்கள்.

சரி, அந்த மணல் எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு காலத்தில் மலையில் பாறையாக இருந்ததுதான். இந்த இடத்தில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று சிதைவு. பாறை இருந்த இடத்தில் இருந்தபடியே மழையாலும் வெயிலாலும் உப்பாலும் வேராலும் வலுவிழந்து உதிர்வது. மற்றது தேய்மானம். நகர்ந்து வரும் ஒரு துகள் இன்னொன்றின் மேல் உரசியும் மோதியும் அதைக் குறைப்பது. பள்ளிப் புத்தகத்தில் இவை அடுத்தடுத்த தலைப்புகளாக வரும். மதிப்பெண்ணுக்காகத் தனித்தனியே மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் இரண்டும் ஒரே சங்கிலி. சிதைவு கருவியைச் செய்து கொடுக்கிறது. அந்தக் கருவியை வைத்துக்கொண்டு தேய்மானம் அடுத்த பாறையில் கை வைக்கிறது.

கல் எப்படி உளுத்துப் போகிறது

புதிதாக உடைத்த கிரானைட் துண்டு ஒன்றை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மூன்று விதமான துகள்கள் தெரியும். கண்ணாடிச் சில்லு போலச் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகத்தோடு பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார். கருப்பாக, தகடு தகடாக மின்னுவது மைக்கா. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கல்லுக்கு அந்த உறுதி.

மழைநீர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அதனால் மாசே இல்லாத இடத்திலும் மழை லேசான அமிலம்தான். அதன் பிஎச் அளவு சுமார் 5.6. மண்ணுக்குள் போனால் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அமிலம் இன்னும் கூடுகிறது. இந்த நீர் ஃபெல்ட்ஸ்பாரைத் தொட்டதும் அதிலிருக்கும் பொட்டாசியம், சோடியம், கால்சியம் எல்லாம் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறுகின்றன. மிஞ்சுவது களிமண். பீங்கான் செய்யப் பயன்படும் கயோலின் இப்படிப் பிறந்ததுதான். கருப்பு மைக்காவில் இரும்பு இருக்கிறது. அது துருப்பிடித்து உப்புகிறது, பக்கத்துத் துகள்களை நெம்புகிறது. குவார்ட்ஸுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. கிரானைட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார்தான். அது மாவாகிப் போனால் குவார்ட்ஸ் துகள்கள் பிடிமானம் இல்லாமல் பொலபொலவென்று உதிர்கின்றன. அதுதான் மணல்.

எந்தக் கனிமம் முதலில் சிதையும், எது கடைசிவரை நிற்கும் என்ற வரிசையை 1938-இல் சாமுவேல் கோல்டிச் என்ற அமெரிக்கப் புவியியலாளர் எழுதி வைத்தார். அதில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. பூமிக்குள் மிக அதிக வெப்பத்தில் உறைந்த கனிமங்கள் மேலே வந்ததும் முதலில் கெடுகின்றன. குறைந்த வெப்பத்தில், கடைசியாக உறைந்த குவார்ட்ஸ் நீண்ட நாள் தாங்குகிறது. பிறந்த சூழலிலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கெடுகிறது.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. மேலே மண், அதற்குக் கீழே கிராவல், அப்புறம் கடப்பாரைக்கு விட்டுக்கொடுக்கும் இளகின பாறை, கடைசியில் வெடி வைத்தால்தான் அசையும் கெட்டிப் பாறை என்று அவர்கள் அடுக்கு அடுக்காகச் சொல்வார்கள். சிதைவு மேலிருந்து கீழே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

இனி வெயில். பகலில் சூடேறி விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கிப் பாறை வெடிக்கிறது என்று எல்லாரும் படித்திருக்கிறோம். 1936-இல் டேவிட் கிரிக்ஸ் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். பளபளப்பாகத் தேய்த்த கிரானைட் கட்டி ஒன்றை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, ஆற வைத்து, மறுபடி சூடாக்கி, சுமார் 89,400 முறை இப்படியே செய்தார். நாளுக்கு ஒரு முறை என்று வைத்தால் 244 வருஷத்துக் கணக்கு. கல்லில் மாற்றமே தெரியவில்லை. அப்புறம் ஒரே ஒரு மாற்றம் செய்தார்: குளிர்விக்கும்போது தண்ணீர் தெளித்தார். இரண்டரை வருஷத்துக்குச் சமமான சுற்றுகளிலேயே பளபளப்பு மங்கி, விரிசல் விழுந்துவிட்டது.

வெயில் நிரபராதி என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆய்வகத்தில் இருந்தது சின்னக் கட்டி, எந்தப் பக்கமும் தாராளமாக விரியலாம். மலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு அந்தச் சலுகை இல்லை. 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ட்வைன் ஹார்ட் என்ற ஊரில், குவிமாடம் போன்ற ஒரு கிரானைட் பாறை கோடை வெயிலில் சத்தத்தோடு வெடித்துத் தகடாகப் பெயர்ந்ததை மக்கள் படமே பிடித்தார்கள். ஆனால் நம் ஊர் மாதிரி மழையும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்தில் எது பெரிய எதிரி என்று கேட்டால், நான் தயங்காமல் தண்ணீர் என்றுதான் சொல்வேன். தேய்ப்பதில் அல்ல, உளுக்க வைப்பதில்.

இமயம் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் விரிசலுக்குள் புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துக் கல்லைப் பிளக்கிறது. நம் சமவெளியில் அதற்கு வேலை இல்லை. இங்கே அந்த இடத்தை எடுத்துக்கொள்வது உப்பு.

ஒரே ராஜா, இரண்டு கல்

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவன் ராஜசிம்மன் இரண்டு கோயில்களை விட்டுப் போயிருக்கிறான். ஒன்று மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், கருங்கல்லில் கட்டியது. இன்னொன்று காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். அதன் அடித்தளம் கருங்கல். மேலே சிற்பங்கள் நிறைந்த சுவர்கள் மணற்கல். பாறைச் சிதைவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை. வயது கிட்டத்தட்ட ஒன்றே. கல்லும் இடமும்தான் வேறு.

காஞ்சியில் கடல் கிடையாது, உப்புக்காற்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் மணற்கல் சிற்பங்கள் பல இடங்களில் முகம் கரைந்து நிற்கின்றன. மணற்கல் என்பது மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டு இறுகின கல். ஒட்டியிருக்கும் பொருள் நீரில் பலவீனப்பட்டால் துகள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். நுண்துளைகளும் அதிகம், நீரை உறிஞ்சும். அந்தக் கோயிலுக்குப் போனால் சிங்கத்தின் முகத்தைப் பார்த்த கையோடு குனிந்து கீழே அடித்தளத்தையும் பாருங்கள். ஒரே மழை, ஒரே வெயில். கருங்கல் விளிம்பு எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்று தெரியும்.

மாமல்லபுரத்தில் நேர் எதிர். கல் உறுதியானது, இடம் பொல்லாதது. அலைத் துளியில் இருக்கும் உப்பு காற்றோடு வந்து கல்லில் படிகிறது. இரவு ஈரத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் இறங்குகிறது. பகலில் நீர் வற்றியதும் உப்பு அங்கேயே படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் துளையின் சுவரை அழுத்துகிறது. மறுநாள் மறுபடி. இப்படித்தான் துகள் துகளாக மேற்பரப்பு உதிர்ந்து, சிற்பங்களின் கண்ணும் மூக்கும் மழுங்கின. இந்தியத் தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைச் சிற்பங்களின் மேல் அப்பி வைப்பார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு நீரோடு வெளியே வந்து கூழில் ஏறிக்கொள்ளும். அப்புறம் கூழை உரித்து எடுத்துவிடலாம். பொறுமையான வைத்தியம்.

அங்கே மணலும் அடிக்கிறதே, அதுவும் தேய்க்காதா என்றால், தேய்க்கும். ஆனால் காற்றில் துள்ளிப் போகும் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டியே போகும். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் அரிதாகத்தான் எழும்பும். அதனால் ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். கடலோரக் கட்டடத்தில் கீழ்ப்பகுதி மட்டும் மழுங்கியிருந்தால் மணலைச் சந்தேகப்படுங்கள். மேலே சிகரம் வரைக்கும் அரித்திருந்தால் உப்பு.

மாமல்லபுரத்தை விட்டு வருவதற்கு முன் அந்த வெண்ணெய் உருண்டைப் பாறை. சரிவில் உருளாமல் நிற்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அது எப்படி உருண்டையாயிற்று என்பது அதைவிடச் சுவாரசியம். யாரும் செதுக்கவில்லை, ஆறும் உருட்டவில்லை. பூமிக்குள் இருக்கும்போதே கிரானைட்டில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் இருக்கும். பாறை பெரிய பெரிய சதுரக் கட்டிகளாகப் பிரிந்திருக்கும். விரிசல் வழியே இறங்கும் நீர் கட்டியின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்து தாக்குகிறது. விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து. மூலையை மூன்று பக்கத்திலிருந்து. மூலைதான் முதலில் போகும், அப்புறம் விளிம்பு. மிஞ்சும் நடுக்கல் உருண்டையாகிவிடும். சுற்றியிருக்கும் உளுத்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனதும் உருண்டை வெளியே தெரிகிறது. செஞ்சி மலையில் அடுக்கி வைத்தது போலக் கிடக்கும் பாறைகளுக்கும் இதே பிறப்புதான். மலைப்பாதைகளில் சாலைக்காக வெட்டின மண்சுவர்களைக் கவனித்தால் சில இடங்களில் இது நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்கலாம். செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்கள், அவற்றைச் சுற்றி வெங்காயத் தோல் போலச் சுற்றுச் சுற்றாக உளுத்த பாறை.

கூழாங்கல் உருண்டையாவதும் பாறை உருண்டையாவதும் ஒன்றல்ல என்பதை இங்கே பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. முதலாவது தேய்மானம், இரண்டாவது சிதைவு. சுண்ணாம்புக்கல்லில் மூன்றாவது ஒரு வழியும் உண்டு. அது உதிர்வதில்லை, அமில நீரில் அப்படியே கரைகிறது. யாழ்ப்பாணத்தின் நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து உருவான பள்ளம்தான்.

தப்பிப் பிழைத்தவை

கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கும் பல நிற மணலைப் பார்த்திருப்பீர்கள். அதில் வெள்ளை குவார்ட்ஸ், சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட். மலைப் பாறையில் எத்தனையோ கனிமங்கள் இருந்தன. சிதைவில் மற்றவை களிமண்ணாகவும் கரைசலாகவும் போய்விட, தாங்கினவை மட்டும் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கனமானவற்றை அலை தனியே பிரித்து ஒதுக்குவதால் சில இடங்களில் கரையே கருப்பாக இருக்கும். மணவாளக்குறிச்சியில் அந்த மணலைத்தான் மத்திய அரசு நிறுவனம் எடுக்கிறது. தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளில் கார்னெட் பொடி ஒட்டிய வகை உண்டு. எது சிதைவுக்குத் தாங்குகிறதோ, அது பெரும்பாலும் நல்ல தேய்ப்பானாகவும் இருக்கிறது. மேலே சொன்ன சங்கிலி என்பது இதுதான்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். ஒகேனக்கலில் நீர் குறைந்த நாளில் பாறைமேல் நடந்தால், பானை இறக்கி வைத்தது போல வட்டக் குழிகள் தெரியும். மகாராஷ்டிராவில் நிகோஜ் கிராமத்தில் குகடி ஆற்றின் கரும்பாறையில் இதே மாதிரிக் குழிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆரம்பம் ஒரு சின்னப் பள்ளம். வெள்ளத்தில் அங்கே சுழல் விழுகிறது. சுழலில் சில கற்கள் மாட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் சுற்றிச் சுற்றி அடியையும் சுவரையும் அரைக்கின்றன. அரைக்கிற கல்லும் தேய்ந்து ஒரு நாள் காணாமல் போகும். அடுத்த வெள்ளம் புதுக் கல்லைக் கொண்டுவந்து போடும். குழியின் அடியில் கை விட்டுத் துழாவினால், உருண்டைக் கல்லும் மணலும் அகப்படும். கல் இல்லாமல் சுத்தமான நீர் மட்டும் சுழன்றிருந்தால் குழி இந்த ஆழத்துக்கு இறங்கியிருக்காது.

மணல்தான் தேய்க்கிறது என்றால், மணல் கூடக் கூடத் தேய்மானமும் கூட வேண்டுமே? அதுதான் இல்லை. 2001-இல் லெனார்ட் ஸ்க்லார், வில்லியம் டீட்ரிக் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உருளைத் தொட்டியின் அடியில் பாறைத் தகட்டை வைத்து, நீரும் கற்களும் போட்டுச் சுழற்றினார்கள். கல்லே இல்லையென்றால் தேய்மானம் இல்லை. கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தேய்மானம் ஏறுகிறது. ஓர் அளவுக்கு மேல் போனால் இறங்கத் தொடங்குகிறது. ஏனென்றால் அதிகப்படியான கற்கள் அடியில் படிந்து பாறையை மூடிவிடுகின்றன. மேலே வருகிறது எதுவும் பாறையைத் தொட முடிவதில்லை. மணல் ஆற்றுக்குக் கருவி, அதே மணல் ஆற்றுப் படுகைக்குப் போர்வையும்கூட.

இதைப் படித்த பிறகு மணல் அள்ளுவதைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து மேல் காவிரி கொண்டுவரும் மணலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கீழே படுகையில் இருப்பது பழைய சேமிப்பு. மலையில் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகி, குவார்ட்ஸ் உதிர்ந்து, இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த பொருள். லாரியில் போனது எல்லாம் அடுத்த வெள்ளத்தில் திரும்பி வந்துவிடும் என்று சொல்வது காவிரிக்குப் பொருந்தாது.

கூழாங்கல்லின் பயணத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மலையிலிருந்து விழுந்த கோணல்மாணலான கல், மற்ற கற்களோடு மோதும்போது முதலில் இழப்பது மூலைகளை. துருத்திக்கொண்டிருப்பதில்தான் அடி விழும். இதை ஹங்கேரியின் காபோர் டொமோகோஷும் அவரது சகாக்களும் 2014-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் கட்டத்தில் கல் உருண்டையாகிறது, ஆனால் அதன் அகலம் நீளம் பெரிதாகக் குறைவதில்லை. மூலை எல்லாம் போன பிறகுதான் அளவு சிறுக்கத் தொடங்குகிறது. ஆகவே ஒரு கல் எவ்வளவு உருண்டிருக்கிறது என்பதை வைத்து அது இழந்த எடையையும், அதிலிருந்து வந்த தூரத்தையும் மதிப்பிடலாம்.

இந்தக் கணக்கு பூமிக்கு வெளியேயும் உதவியது. செவ்வாயில் 2012-இல் இறங்கிய க்யூரியாசிட்டி ஊர்தி, கேல் பள்ளத்தில் உருண்ட கூழாங்கற்களைப் படம் எடுத்து அனுப்பியது. அவற்றின் வடிவத்தை அளந்து, அவை தம் கன அளவில் சுமார் 20 சதவீதத்தை இழந்திருக்கின்றன, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் ஆற்றில் உருண்டு வந்திருக்கின்றன என்று 2015-இல் கணித்தார்கள். ஒரு சொட்டு நீரும் ஓடாத இடத்தில், ஒரு காலத்தில் ஓடிய ஆற்றின் நீளத்தைக் கற்கள் சொல்லிவிட்டன.

கடைசியாக ஒன்று, வீட்டிலேயே செய்து பார்க்க. எங்காவது கட்டட வேலை நடந்தால் ஒரு சிட்டிகை எம்-சாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்று மணல் ஒரு சிட்டிகை. இரண்டையும் கழுவிக் காயவைத்து, கருப்புத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் தூவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். எம்-சாண்ட் கிரஷரில் உடைத்த புதுப் பாறை. ஃபெல்ட்ஸ்பார், மைக்கா எல்லாம் கலந்து இருக்கும். விளிம்பு ஒவ்வொன்றும் கூராக இருக்கும். ஆற்று மணலில் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ்தான் அதிகம், மைக்கா குறைந்திருக்கும். அது சிதைவின் வேலை. அதன் முனைகள் கொஞ்சம் மழுங்கியிருக்கும். அது தேய்மானத்தின் வேலை. ஆற்று மணல் பூரண உருண்டையாக இல்லையே என்று யோசிக்க வேண்டாம். சின்னத் துகள்களுக்கு இடையே இருக்கும் நீர் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. காற்றில் அந்தத் தடை இல்லை; ஒரே தூரத்துக்குக் காற்றில் போகும் மணல் நீரில் போவதைவிட நூறு மடங்குக்கும் மேல் தேய்வதாக டச்சுக்காரர் ஃபிலிப் கியூனன் 1960-இல் சோதனையில் காட்டினார். அதனால் தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், தேரிக்காட்டுச் செம்மணலும் ஒரு சிட்டிகை கொண்டுவரச் சொல்லுங்கள். காற்று குவித்த அந்த மணலை மூன்றாவதாகப் பக்கத்தில் தூவி, விளிம்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.